தோலுக்கும் ரெக்ஸினுக்கும் ஒரே பெயிண்ட் போதுமா?

கேள்வி, ஏப்ரல் 9

அக்கா, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆவணியில் அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி. வருகிறவர்களுக்கு வழக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்னக் கைப்பை கொடுக்கலாம் என்று ஆத்தா சொல்கிறார்கள். மேலே எங்கள் வீட்டு விலாசமும் (முகவரி இல்லை, 'ராம.', 'பழ.' மாதிரி வீட்டுப் பேரின் முன்னெழுத்துகள்), ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கிற மாதிரி ஒரு பூவும் வேண்டும். நெருங்கிய சொந்தத்துக்குத் தோல், மற்றவர்களுக்கு ரெக்ஸின். சாதாரண அக்ரிலிக் பெயிண்ட் வாங்கி இரண்டிலும் வீட்டிலேயே வரைந்துவிடலாம், இரண்டும் ஒன்றுதான் என்று சித்தப்பா மகன் அடித்துச் சொல்கிறான். சரிதானா?

ஏப்ரல் 9, இரவு

இல்லை. காரணம் நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை தம்பி கையில் பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 10

அக்ரிலிக் என்பது தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக். தண்ணீர் காய்ந்ததும் மெல்லிய படலமாக மேலே நின்றுவிடும். தோலின் மேல்பூச்சை எடுத்துவிட்டு வரைந்தால் அந்தப் படலம் நாருக்குள் கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ரெக்ஸினில் இறங்குவதற்கு இடமே இல்லை. நமக்குக் கிடைக்கும் ரெக்ஸினில் பெரும்பங்கு துணிமேல் பூசிய பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். பைக்கு ஏற்ற மாதிரி மெத்தென்று வளைய, எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அது உள்ளேயே அடங்கி இருக்காது. மெல்ல மெல்ல மேலே கசிந்து வரும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. மேலே அக்ரிலிக் இருந்தால் அதற்குள் ஏறிப் பிசுபிசுப்பாக்கிவிடும். வரைந்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் இரண்டு பைகளை முகத்தோடு முகம் அடுக்கிவைத்துப் பிறகு பிரித்துப் பாருங்கள், ஒரு பையின் பூ இன்னொரு பைக்குக் குடிபோயிருக்கும்.

என் கருத்து, ரெக்ஸினில் பெயிண்டே வேண்டாம்.

ஏப்ரல் 12

"என் கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் வாயை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். பையின் உள்தையலை ஓரிடத்தில் பிரித்தால் வெட்டு முகம் தெரியும். துணியோ வலையோ தெரிந்தால் ரெக்ஸின் வகை. நார்நாராக இருந்தால் தோல். விரலால் அழுத்தினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவும்; ரெக்ஸின் வெறுமனே குழியும். வாசனையை நம்பாதீர்கள், தோல் வாசனையைத் தனியாகவே சேர்க்க முடியும். தண்ணீர்ச் சொட்டுச் சோதனையும் பாதிதான் உண்மை. பூச்சுப் போட்ட நல்ல தோலிலும் சொட்டு உருண்டு நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் நிஜத் தோல் நார், முன்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம். விற்கும்போது தோல் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் நாம் அலங்கரிப்பது முன்பக்கத்தை. அதனால் நம் வேலைக்கு அது ரெக்ஸின் கணக்கில்தான் வரும். தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியதும் உண்டு. அதில் எதையும் செய்யாதீர்கள், சில வருடத்தில் தானே உரிந்துவிடும்.

தீக்குச்சி காட்டிப் பார்க்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். ஓரத்தைப் பார்ப்பதற்குக் கண் போதும்.

ஏப்ரல் 15

புது வருடம் முடிந்து பெட்டியைத் திறந்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. தோல் எங்கே வாங்குவது, எந்தத் தோல் என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

தோலிலும் இரண்டு வகை. ஒன்று மரப்பட்டையில் பதனிட்டது. நம் பக்கத்தில் இது பழைய தொழில். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்தான் வெள்ளைக்காரன் காலத்தில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. இன்னொன்று குரோமியம் உப்பில் பதனிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெரும்பாலும் இதுதான். இன்று கடையில் தொங்கும் பை, செருப்பு, ஜாக்கெட்டில் அதிகமானவை இந்த வகை. மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும், பதனிடும் வேலையும் சீக்கிரம் முடியும்.

வெட்டிய ஓரத்தில் நடுப்பகுதி நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். சாயம் உள்வரைக்கும் ஏறியிருந்தால் இந்த வழி உதவாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அழுத்தி எழுத்துப் பதிக்க வேண்டுமானால் பட்டைத் தோல்தான் கேட்கும். குரோம் தோலில் எவ்வளவு அழுத்தினாலும் மறுநாள் எழும்பி நிற்கும். பெயிண்டுக்கு இரண்டுமே சரி. சென்னை போகிறவர்கள் பெரியமேட்டில் பாருங்கள், சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். வெட்டிய துண்டுகளைத் தனியாகக் கேட்டு வாங்கினால் பழகுவதற்கு அதுவே போதும்.

ஏப்ரல் 21

விலாசம் பதிப்பது. இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

நம் ஊரில் சாமான்களில் பேர் வெட்டாத வீடு கிடையாது. சீர் கொடுத்த குடம், தூக்கு, கரண்டி வரை விலாசம் இருக்கும். கல்யாணத்தில் பத்து வீட்டுப் பாத்திரம் கலந்தாலும் மறுநாள் அதது அந்தந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அதையே தோலில் செய்யப்போகிறோம். ஆனால் பாத்திரத்தில் உளியால் புள்ளிபுள்ளியாக வெட்டுவார்கள். தோலில் வெட்டத் தேவையில்லை, தண்ணீரும் அழுத்தமும் போதும்.

பட்டைத் தோல், இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத கனம். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் பிழிந்து, எழுத்து வரும் இடத்தில் மட்டும் துடைக்காமல் துண்டு முழுக்க ஒரே சீராக ஈரப்படுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் ஈரத்தின் எல்லை கறையாக நின்றுவிடும். நனைந்ததும் தோல் கருக்கும். பொறுங்கள். அது தன் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும் நேரம்தான் சமயம். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதிக ஈரத்தில் பதித்தால் எழுத்து கரைந்து மழுங்கும், காய்ந்தபின் பதித்தால் கீறல் மட்டும் விழும்.

கீழே ஒரு கடப்பாக் கல் துண்டு. தாளில் எழுதிய விலாசத்தின் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் வைத்துத் தோல்மேல் ஒட்டிக்கொண்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு இழுங்கள். பிறகு ஷீட்டை எடுத்துவிட்டு ஸ்பூன் காம்பின் முனையால் அதே கோட்டை ஆழப்படுத்துங்கள். அவ்வளவுதான் கருவி. காய்ந்ததும் அப்படியே நிற்கும்.

தமிழ் எழுத்தில் தொல்லை சுழியில்தான். 'கரு' என்பதில் ருவின் வால், 'பழ' என்பதில் ழவின் கீழ்ச்சுழி, இரண்டும் சின்ன அளவில் அடைந்து போகும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்து எழுதாதீர்கள். புள்ளியைக் கடைசியில், தச்சர் வைத்திருக்கும் ஆணி அமுக்கும் பஞ்ச்சால் ஒரே தட்டு. புள்ளி விடுபட்டால் ஒரு வீட்டு விலாசம் இன்னொரு வீட்டுக்காரர்களுடையதாகப் படிக்கப்படும். நம் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எழுத்துப் பஞ்ச் பெட்டியில் ஏ முதல் இசட் வரைதான் இருக்கும். ராம. வேண்டும் என்றால் கையால்தான் எழுத வேண்டும், அல்லது அச்சு செய்ய வேண்டும். அச்சைப் பற்றிப் பிறகு.

ஏப்ரல் 22

நேற்று விட்டுப்போனது: பையைத் தைப்பதற்கு முன்னால் இதையெல்லாம் செய்ய வேண்டும். தைத்த பைக்குள் கல்லை எப்படி வைப்பீர்கள்? உள்துணி நனைந்து சுருங்குவது வேறு. வெட்டிய துண்டில் அலங்காரம், அப்புறம் தையல். தேவகோட்டைக்காரர்களுக்கு இது முக்கியம், ஆயத்தப் பையாக வாங்கிவிடாதீர்கள்.

மே 4

அச்சு. ஐம்பது அறுபது பைகளுக்குக் கையால் எழுதினால் கடைசிப் பையில் 'பழ' பாழாகிவிடும். இரண்டு வழி சொல்கிறேன்.

சுலபமான வழி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களிடம் கேட்டு விலாசத்துக்கு ஒரு உலோக பிளாக் செய்து வாங்குவது. அதை ஈரத் தோல்மேல் வைத்து, மேலும் கீழும் பலகை கொடுத்து, தச்சரின் சி கிளாம்ப்பால் இறுக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும்.

பைத்தியக்கார வழி நான் செய்தது. பித்தளைத் தகட்டில் நகப்பாலிஷால் எழுத்தை எழுதி, பின்பக்கத்தையும் ஓரத்தையும் மூடிவிட்டு, உப்புத் தண்ணீரில் போட்டு, பேட்டரியின் பாசிட்டிவை அந்தத் தகட்டுக்கும் நெகட்டிவை இன்னொரு பித்தளைத் துண்டுக்கும் கொடுத்தேன். பாலிஷ் இல்லாத இடத்தை மின்சாரம் அரித்து எடுத்துவிடும், எழுத்து மேடாக நிற்கும். காற்றோட்டமான இடம், பிளாஸ்டிக் தொட்டி, நிறையப் பொறுமை. மிச்சத் தண்ணீரில் செம்பு, துத்தநாக உப்புகள் இருக்கும். செடிக்கும் ஊற்றக் கூடாது, கண்மாய்க்குப் போகும் வாய்க்காலிலும் ஊற்றக் கூடாது.

மின்வேதியியல் ஆய்வகத்தையே ஊருக்குள் வைத்துக்கொண்டு காரைக்குடிக்காரி இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த நிலையம் அது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அடையாறில் இருக்கும் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதே 1948-ல் தொடங்கியதுதான். என் கைப்பெட்டியில் இரண்டு துறையும் சந்தித்துக்கொள்கின்றன என்று பெருமைப்பட்டுக்கொள்கிறேன். அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

மே 5

எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுத வேண்டும் என்று நேற்றுச் சொல்லவில்லை என ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நேராக எழுதி அச்செடுத்தாராம். தோலில் விழுந்ததைப் பார்த்து அவர் மகன், "ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்ததா, பர்மா எழுத்தா?" என்று கேட்டானாம்.

திருப்பி எழுதுங்கள்.

இன்னொன்று. பித்தளைக்குப் பதிலாக எவர்சில்வர் தகட்டை இந்த உப்புத் தண்ணீரில் போடாதீர்கள். அதில் குரோமியம் இருக்கிறது, விஷத்தன்மையுள்ள உப்பாக வெளியே வரலாம்.

மே 6

பழைய நகை அச்சு கிடைத்தால் விடாதீர்கள் என்கிறார் கானாடுகாத்தான் அண்ணன் ஒருவர். உண்மைதான். பொற்கொல்லர்கள் தகட்டை வைத்துத் தட்டும் பூ அச்சுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சில சமயம் கிடைக்கும். ஈரத் தோலில் அந்தப் பூ இறங்குகிற அழகே தனி. விலை கேட்கும்போது மட்டும், தோல் வேலைக்கு என்று சொல்லாமல் பேப்பர் வெயிட் வைக்க என்று சொல்லுங்கள்.

மே 19

ஆத்தங்குடிப் பூ, நிஜத் தோல்மேல்.

இந்த வடிவங்கள் தோலுக்கு ஏன் ஒத்துவருகின்றன என்றால், அவற்றில் நிழல் ஏற்றி இறக்கும் வேலை கிடையாது. கல் செய்யும்போது கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டம் வைத்து ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அதனால் ஒவ்வொரு நிறமும் அதனதன் எல்லைக்குள் தட்டையாக நிற்கும். தோலிலும் அப்படித்தான் போட வேண்டும். பழைய வீட்டுத் தரையைப் படம் எடுத்து, முழுக் கல்லையும் பையில் இறக்காமல், ஒரு மூலைப் பூவை மட்டும் எடுங்கள். முழுக் கல்லைப் போட்டால் பை தரைபோலவே தெரியும்.

முதலில் மேல்பூச்சை எடுங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு, பளபளப்பு மங்கும்வரை மெதுவாக, நிறம் கிளம்பும்வரை போகாமல். நகப்பாலிஷ் ரிமூவரில் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது ஆகாது. முன்பு சொன்ன பிளாஸ்டிக் முகத்துத் தோலிலும் ரெக்ஸினிலும் அசிட்டோன் தொடவே கூடாது, முகம் இளகிப் பாழாகிவிடும். அவற்றுக்கு ஸ்பிரிட், அதுவும் உள்பக்கம் சோதித்துவிட்டு.

பெயிண்ட்: தோலுக்கென்று விற்கும் அக்ரிலிக் வளைந்து கொடுக்கும்படி செய்தது. அது கிடைக்காவிட்டால் துணிக்கான அக்ரிலிக் ஓரளவு சமாளிக்கும். காகிதத்துக்கும் சுவருக்கும் உள்ளது வேண்டாம், மடித்தால் வெடிக்கும். தண்ணீர் விட்டு இளக்கி, ஒன்று காய்ந்தபின் அடுத்ததாக மெல்லிய பூச்சுகள். ஒரே பூச்சில் நிறம் வர வேண்டும் என்ற அவசரம்தான் எல்லா வெடிப்புக்கும் காரணம். கறுப்புத் தோலில் மஞ்சளும் சிவப்பும் நேரடியாகத் தெரியாது, அடியில் வெள்ளை போட வேண்டும். மூடி மடிகிற கோட்டில் பூ விழாதபடி இடம் பாருங்கள். கடைசியில் மேலே அக்ரிலிக் பினிஷர், பளபளப்பு வேண்டாமென்றால் மேட். வெறும் வார்னிஷ் அடிக்காதீர்கள், அது மரத்துக்கு.

நிறம்? கல்லில் இருக்கிற காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். வானவில் கேட்கிறவர்களோடு நான் வாதிடப் போவதில்லை.

ஜூன் 2

"ஈரமாக்கி கிளாம்ப் போட்டேன், மறுநாள் கறுப்பாக வட்டம் விழுந்துவிட்டது, பூஞ்சையா?"

பூஞ்சை இல்லை. இரும்பும் பட்டைத் தோலும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்தான் காரணம். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். உங்கள் கிளாம்ப் தோல்மேல் மை காய்ச்சியிருக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வையுங்கள். இரும்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் நனைத்தாலும் பொட்டுப்பொட்டாகக் கறுக்கும், வடிகட்டிய தண்ணீர் நல்லது.

விழுந்த கறைக்கு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள், புதுக் கறை மங்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

இதையே வேண்டுமென்றும் செய்யலாம். வினிகரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுச் சில நாள் ஊறவைத்து, தளர்வான மூடியோடு வைத்திருந்து, வடிகட்டிப் பூசினால் பட்டைத் தோல் கண்முன்னே கறுக்கும். பூச்சு இல்லை, தோலே நிறம் மாறுவதால் உரியாது. காய்ந்தபின் ஆப்பச்சோடா கலந்த தண்ணீரால் துடைத்து அமிலத்தைக் கொல்லுங்கள், அப்புறம் லேசாக எண்ணெய். குரோம் தோலில் இது வேலை செய்யாது. தோல் பட்டைதானா குரோமா என்று குழம்புகிறவர்கள் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். ஏப்ரலில் சொன்ன நீல ஓரத்தைவிட இது நம்பகமான சோதனை.

ஜூன் 3

தேங்காய் எண்ணெய்தானே என்று கேட்டவர்களுக்கு: சில துளிகள், துணியில் தொட்டு. தலைக்கு வைக்கிற மாதிரி வைத்தால் தோல் கருத்துத் தொளதொளத்துவிடும்.

ஜூன் 16

ரெக்ஸினுக்கு வருவோம். பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாற்று சொல்லாமல் போனேன் என்கிறார்கள்.

தையல்தான் ரெக்ஸினின் நகை. பழைய கண்டாங்கிச் சேலையின் கட்டம் போட்ட துண்டு ஒன்றை வெட்டி, ஓரம் மடித்து, செருப்புக் கடைச் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, கொஞ்சம் காயவிட்டு ஒட்டி, சுற்றி ஒரு தையல். அரக்குச் சிவப்புக் கட்டம் கறுப்பு ரெக்ஸினில் உட்காரும்போது எந்தப் பெயிண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. கிழிந்த சேலை எல்லா வீட்டுப் பீரோவிலும் இருக்கும். நல்ல சேலையை வெட்டாதீர்கள், ஆச்சிமார் சாபம் வேண்டாம்.

வீட்டுத் தையல் மிஷினிலேயே முடியும். ரெக்ஸினில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை அப்படியே நிற்கும், பிரித்துத் தைக்கிற பேச்சே இல்லை. குண்டூசி குத்தாமல் துணிக் கிளிப் போடுங்கள். தையலை நெருக்கினால் தபால்தலை மாதிரி அந்தக் கோட்டோடு கிழியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மிஷின் பாதம் ரெக்ஸினில் ஒட்டி நகர மறுத்தால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள், அல்லது கொஞ்சம் டால்கம் பவுடர்.

எம்பிராய்டரியும் போடலாம். சங்கிலித் தையல், பெரிய பெரிய கண்ணிகள். நிரப்புத் தையல் மட்டும் வேண்டாம், மேலே சொன்ன அதே கிழிசல்.

ஜூலை 7

ஏப்ரல் 10-ல் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஸ்க்ரீன் பிரிண்ட் போடும் தம்பி ஒருவரிடம் தாம்பூலப் பை விஷயமாகப் போனபோது ரெக்ஸின் பேச்சு வந்தது. பிவிசிக்கென்றே தனி மை இருக்கிறது, அதில் இருக்கும் கரைப்பான் ரெக்ஸின் முகத்தை லேசாகக் கடித்து உள்ளே உட்காரும் என்று ஒரு துண்டில் அடித்துக் காட்டினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. மடித்தும் வெடிக்கவில்லை. கார் சீட்டுக்கு அடிக்கும் வினைல் ஸ்ப்ரேயும் இதே கொள்கைதான்.

ஆக, ரெக்ஸினில் தண்ணீர் பெயிண்ட் வேண்டாம், பிவிசி மை சரி. ஆனால் அதை வீட்டில் போடச் சொல்ல மாட்டேன். கரைப்பான் நெடி தலையைச் சுற்றவைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் வளவில் (உள்முற்றத்தில்) வைத்து அடித்தாலும் நெடி பட்டாலை (கூடம்) வரை வரும். விலாசத்தையும் பூவையும் வரைந்து கொடுத்துவிட்டுக் கடையில் அடித்து வாங்குங்கள். ஸ்க்ரீன் ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை துண்டானாலும் ஒன்றுதான்.

சித்தப்பா மகன் பாதி ஜெயித்துவிட்டான் என்று நினைக்கக் கூடாது.

ஜூலை 9

தங்க எழுத்து வேண்டுமென்றால் பைண்டிங் கடை. ஆய்வேட்டுக்கு ரெக்ஸின் அட்டை போட்டு மேலே தங்க எழுத்து அடிக்கிறார்களே, அந்த ஃபாயில். சூடான பிளாக், நடுவில் ஃபாயில், ஒரு அழுத்து. பட்டைத் தோலில் அபாரமாக வரும். பிவிசிக்குப் பதில் பாலியூரித்தேன் பூசிய மெல்லிய ரெக்ஸினில் சூடு கொஞ்சம் கூடினால் பிளாக்கின் சதுரமே பளபளவென்று பதிந்துவிடும், துண்டு வெட்டிக் கொடுத்து முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்காதீர்கள், உங்கள் பிளாக்கைக் கொண்டுபோங்கள்.

இஸ்திரிப் பெட்டியால் வீட்டில் முயல்கிறவர்கள் தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்தில் சுட்டு வரையும் சூட்டுப் பேனாவைத் தோலில் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டைத் தோலில், காற்றோட்டத்தில், சரி. குரோம் தோலைச் சுடாதீர்கள், ரெக்ஸினைச் சுடவே சுடாதீர்கள்.

ஜூலை 23

"ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தோல் பெட்டி மேல்மாடியில் இருக்கிறது. சுத்தம் செய்து மயில் வரையலாமா?"

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

கையால் தொட்டால் செம்மண் நிறத்தில் தூள் ஒட்டுகிறதா? பழைய பட்டைத் தோல் காற்றில் உள்ள கந்தகப் புகையாலும் தன் அமிலத்தாலும் நைந்துபோகும் நோய் அது. நார் செத்துவிட்டது. பெயிண்ட் போட்டால் பெயிண்ட் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். எண்ணெய் தேய்த்தால் கறுத்து இன்னும் நொறுங்கும். ஈரத் துணிகூடப் படக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பருத்தித் துணி போர்த்தி, ஓட்டு ஒழுக்கு இல்லாத இடத்தில் வையுங்கள். தூள் ஒட்டாமல் தோல் உறுதியாக இருந்தாலும் என் பதில் அதேதான். மூடியில் மங்கலாக இருக்கும் விலாசத்தை எழுதியவர் இப்போது இல்லை. மயில் வரைய நூறு ரெக்ஸின் கிடைக்கும்.

வீட்டு மரத்தையும் கதவையும் கழற்றி விற்கிற காலத்தில் பெட்டிக்கு இவ்வளவு பேசுவது உங்களுக்கு அதிகமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் பேத்தி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: சாமி அறைக்குக் கொண்டுபோகிற பை, தோல் ஆகாது, ரெக்ஸினும் பார்க்கத் தோல் மாதிரி இருப்பதால் மனசு ஒப்பவில்லை, என்ன செய்வது? ஆச்சி, உங்களுக்குத் தோலும் வேண்டாம் ரெக்ஸினும் வேண்டாம். கொட்டான் இருக்கிறது. பனையோலையில் வண்ணம் ஏற்றிப் பின்னி, விளிம்பில் மணி கோத்தால் எந்தத் தோல் பையும் ஈடாகாது. உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது, நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நவம்பர் 11

மழை பிடித்ததும் வரும் கேள்வி வந்துவிட்டது. பையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

இது பூஞ்சைதான். வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பக்கத்துப் பைக்குப் போகும். பிறகு துணியில் ஸ்பிரிட் தொட்டு மெல்ல ஒரு துடைப்பு. பெயிண்ட் உள்ள இடத்தைத் தவிருங்கள், ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கும். நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் போட்டால் தோல் விறைக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்ததுதான் தொல்லை. பழைய வேட்டித் துணியில் பை தைத்து அதில் வையுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் வடிவமும் நிற்கும்.

பாலியூரித்தேன் ரெக்ஸின் வேறு விதமாகக் கெடும். காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும், ஒருநாள் செதில் செதிலாக உதிரும். உபயோகிக்காமல் பீரோவில் பூட்டி வைத்தாலும் உதிரும். அதைத் தடுக்க வழியில்லை, தள்ளிப்போடத்தான் முடியும். உதிர ஆரம்பித்த பைமேல் பெயிண்ட் அடித்து மறைக்கலாமா என்று கேட்காதீர்கள், கண்டாங்கித் துண்டுகூட அதில் ஒட்டாது. பரிசளிக்கும் பைகளுக்குப் பாலியூரித்தேனைவிடப் பிவிசியே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். பார்வைக்குக் கொஞ்சம் முரடு, ஆனால் உழைக்கும்.

நவம்பர் 14

கடிகாரப் பட்டை கேட்டவருக்கு. வெளிப்பக்கம் எழுத்துப் பதிக்கலாம், பெயிண்ட் வேண்டாம். மணிக்கட்டில் நாள் முழுக்க வளைவதும் வியர்வையும் சேர்ந்து எந்தப் படலத்தையும் கழற்றிவிடும். தோலில் படும் உள்பக்கத்தில் சாயமோ பினிஷரோ எதுவும் தொடாதீர்கள். குரோம் தோலால் அரிப்பு வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்குப் பட்டைத் தோல் ஒத்துக்கொள்ளும். பக்கிள் இரும்பாக இருந்தால் வியர்வையில் சுற்றிலும் கறுக்கும், ஜூன் 2 குறிப்பைப் பாருங்கள். பித்தளை பக்கிள் வாங்கிக்கொள்ளுங்கள்.